சோடாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நெஞ்சுவலி

மீனம்பாக்கத்தில் இறங்கியதும் அண்ணனைத்தான் தேடினேன். நான் பினாங்கிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு ரோஜா மாலையோடு முன்வரிசையில் நின்று என் மானத்தை வாங்குவது அவர் வழக்கம். இந்தத் தடவை மாலையும் இல்லை, ஆளும் இல்லை. மதினி மட்டும் ஒரு தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

“அவுக வரல தம்பி. கடையில ஆளில்லன்னு சொல்லிட்டாக. நெசம் அது இல்ல. கொஞ்சம் வேகமா நடந்தா நெஞ்சப் பிடிக்குது. அத ஒங்க கண்ணுல காட்டக் கூடாதாம்.”

என்னை வரவழைத்ததே மதினிதான். கடல் இரைச்சலுக்கு நடுவே டெலிபோனில் அவர் கத்திச் சொன்னது இவ்வளவுதான்: அண்ணனுக்கு நெஞ்சுவலி வருகிறது, டாக்டர் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்கிறார், நான் வந்து இழுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. அன்றே கிடங்கு முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டேன். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அப்பா போன பிறகு எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தவர், கப்பல் ஏற்றிவிட்டவர் எல்லாம் அவர்தான்.

டாக்ஸி கிண்டி வருவதற்குள் முன்பக்கமிருந்து ஆவி கிளம்பியது. டிரைவர் சற்றும் அலட்டிக்கொள்ளவில்லை. “இன்னா சார், சிங்கப்பூரா? வண்டி கொஞ்சம் சூடாய்க்கினு கீது. தண்ணி ஊத்திட்டு ஒரு தள்ளு தள்ளு நைனா, அப்பால பறந்துரும்” என்றார். பினாங்கு என்று திருத்தினேன். “எல்லாம் ஒண்ணுதான் சார், தள்ளு” என்றார். எங்கள் ஊரில் டாக்ஸிக்காரர் பயணியைத் தள்ளச் சொன்னால் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். இங்கே கோட்டைக் கழற்றி மதினியிடம் கொடுத்துவிட்டுத் தள்ளினேன். உண்மையில் அது எனக்குப் பிடித்திருந்தது. சும்மா உட்காரும் வித்தை எனக்கு வராது. வண்டி கிளம்பியதும் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தேன். அசோக் நகர் போய்ச் சேருவதற்குள் இன்னொன்று.

அண்ணன் புது வீட்டு வாசலில் நின்றார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அதே தொந்தி, அதே ஜவ்வாது வாசனை, வாயில் அதே வெற்றிலை புகையிலை.

“என்னலே, பினாங்குல சோறு போடமாட்டாகளா? எலும்பும் தோலுமா வந்து நிக்கே.”

எங்கள் பக்கத்து ஆட்கள் திருநெல்வேலியை விட்டு எங்கே போனாலும் ஒரு பழக்கத்தை மட்டும் விடமாட்டார்கள். விருந்தாளியைத் தனியாகச் சாப்பிட விடக்கூடாது. அவன் இலையில் என்ன விழுகிறதோ அது வீட்டுக்காரர் இலையிலும் விழவேண்டும். தேங்காய்ப்பால் மணக்கும் சொதி வந்தது. இஞ்சிப் பச்சடியும், எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கும், முழு முந்திரி போட்ட பாயசமும் வந்தன. எனக்கு நெய் ஊற்றிவிட்டு மதினி நெய்க்கிண்ணத்தோடு அண்ணனைத் தாண்டப் பார்த்தார்.

“ஏன், எனக்கு ஊத்தினா கை வலிக்குதோ? தம்பி நெய்யில முங்கிக் கெடக்கான், நான் வெறுஞ்சோத்தத் திங்கவா? அவன் என்ன நெனப்பான்?”

தம்பி ஒன்றும் நினைக்கமாட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நெய் விழுந்துவிட்டது. ஒரு மாதமாக ரசமும் அவித்த காயுமாகப் போட்டு அவரை ஓரளவுக்குக் கட்டிவைத்திருந்தாராம் மதினி. நான் வந்து உட்கார்ந்த முதல் பந்தியிலேயே அது மண்ணாகப் போயிற்று. காப்பாற்ற வந்தவன் செய்கிற வேலையா இது என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலில் இரண்டாம் முறை பாயசம் வாங்கினேன். அண்ணனும் வாங்கினார்.

மறுநாள் தியாகராய நகர். பனகல் பார்க்குக்குப் பக்கத்துச் சந்தில் அவர் கடை. கீழே வேட்டி, துண்டு, நூல் சேலை, மாடியில் பட்டு. கல்யாணக் கூட்டம் எது வந்தாலும் முதலாளியே முன்னால் நடந்து மாடிக்கு அழைத்துப்போக வேண்டும். பெண்ணுக்கு முதல் சேலையை அவர் கையால் விரிக்க வேண்டும். அந்தத் தெருவில் அதுதான் மரியாதை. அன்று வந்த கூட்டத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் சேர்ந்தே வந்திருந்தார்கள். அண்ணன் கைகூப்பிக்கொண்டு படியேறினார். நான் பின்னால் போனேன்.

பாதிப் படியில் நின்றுவிட்டார். கூட்டம் அவரைத் தாண்டி மேலே போயிற்று. அவர் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

“சுண்ணாம்பு உதிருதுலே. பெயிண்டரக் கூப்பிடணும்.”

சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. அண்ணன் நெற்றியில்தான் முத்து முத்தாக வேர்த்திருந்தது. ஒரு கை நடுநெஞ்சில், விரல்களை மடக்கி, எதையோ இறுக்கிப் பிடித்திருப்பதுபோல இருந்தது. யாரும் சொல்லாமலே கீழேயிருந்து ஒரு சேல்ஸ்மேன் பன்னீர் சோடாவோடு வந்தார். தினமும் நடக்கிற வேலை என்பது அவர் வந்த விதத்திலேயே தெரிந்தது. அண்ணன் நின்றபடியே மெதுவாகக் குடித்தார். ஒரு பெரிய ஏப்பம் வந்தது. முகம் தெளிந்தது.

“பாத்தியா? வாயு. வெளிய வந்துட்டு. இதுக்குப் போயி ஒங்க மதினி ஒன்னக் கடல் தாண்டிக் கூப்பிட்டிருக்கா.”

கீழே ஆளுக்கொரு மருந்து வைத்திருந்தார்கள். கணக்கர் ஓமத் தண்ணீர் என்றார். தையல்காரர் பாலில் பூண்டு என்றார். வாசலில் சோடாக்கடை வைத்திருந்தவர் இரண்டையும் ஒதுக்கித் தள்ளினார். “நம்ம சோடா உள்ள பூந்துச்சின்னா வாயு நிக்குமா சார்? மொதலாளிய நான்தான் பாத்துக்கினு கீறேன். நீ கவலயே படாத.”

எனக்குத் தாங்கவில்லை. “அண்ணே, வாயுன்னா உக்காந்திருக்கும்போதும் வரணும்லா? படியேறும்போது மட்டும் ஏன் வருது?” என்று கேட்டேன். “ஏறும்போது வயிறு அமுங்குதுல்லா, அதான்” என்றார், கண்ணிமைக்காமல். எதைக் கேட்டாலும் கையில் பதில் வைத்திருக்கும் மனிதரிடம் என்ன பேசுவது? வெளியே வந்து பார்க்கைச் சுற்றி நடந்தேன். திரும்பவும் சுற்றினேன். சிகரெட் தீர்ந்து இன்னொரு பாக்கெட் வாங்கினேன்.

மூன்றாம் நாள் மதினி என்னைத் திருவான்மியூருக்கு அழைத்துப்போனார். அங்கே மருந்தீஸ்வரருக்கு அவர் வேண்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. அடையாறு பாலம் தாண்டும்போது கூட்டம் நெருக்கியதில் என் வலதுகால் செருப்பு படிவழியே நழுவி விழுந்துவிட்டது. “செருப்பு போச்சு, நிறுத்துங்க” என்றேன். “ஒத்த செருப்புக்கெல்லாம் வண்டி நிக்காது சார், இன்னொண்ணையும் போட்டுடு, எடுக்கறவனுக்காவது உதவும்” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. மதினியும் சிரித்தார். நான் வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

வெறுங்காலோடு பிரகாரம் சுற்றினேன். விபூதியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட மதினி நிழலில் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை, தூணுக்கும் தூணுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

“முந்தி மாடி ஏறினாத்தான் வரும். இப்போ குளிச்சிட்டுத் துண்டு பிழியும்போது வருது. சாப்பிட்டுக் கை கழுவப் போனா வருது. ராத்திரி அவுக தூங்குதாகளான்னு மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாக்கேன் தம்பி. கடை நாளைக்குப் போனாலும் போவட்டும். எனக்கு ஆளு வேணும்.”

அவர் அழவில்லை. மைலாப்பூரில் இருதயத்துக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மா இருப்பதாகவும், இவர் இரண்டு தடவை போய் விசாரித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பாக்கி. அண்ணனைக் கெஞ்சியும் ஆயிற்று, சண்டை போட்டும் ஆயிற்று. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அண்ணன் தனக்காக எங்கேயும் வரமாட்டார். விருந்தாளிக்காக எங்கே வேண்டுமானாலும் வருவார்.

அன்று சாயங்காலம் காப்பி குடிக்கும்போது டம்ளரை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தேன்.

“அண்ணே, எனக்கு என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு.”

“சோடா வாங்கியாரச் சொல்லட்டா?”

“பஸ் ஸ்டாண்டுலயே குடிச்சிட்டேன். கேக்கல.”

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “மொதல்லயே சொல்ல மாட்டியாலே? அசலூருல வந்து இப்படியா?” என்று எழுந்தவர் உட்காரவே இல்லை. மறுநாள் காலையில் தன் சாவிக்கொத்தைக் கணக்கரிடம் கொடுத்தனுப்பினார். முகூர்த்தச் சீசனில் அவர் கடைக்குப் போகாமல் இருந்தது அதுதான் முதல் தடவையாம். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மைலாப்பூரில் ஆட்டோ லஸ் முனையோடு நின்றுவிட்டது. உள்ளே சாமி புறப்பாடு, வண்டி போகாது என்றார் டிரைவர். நடந்தோம். பினாங்கில் இந்த மாதிரிக் கூட்டத்தில் நான் முட்டி மோதிக்கொண்டு முன்னால் போய்விடுவேன். அன்று அண்ணனோடு நடந்தேன். அவர் பாத்திரக்கடை முன்னால் நின்று குத்துவிளக்கைப் பார்த்தார். கொஞ்ச தூரம் போய்ப் புத்தகக்கடை முன்னால் நின்றார். அப்புறம் ஒரு வளையல் கடை. வளையலில் அண்ணனுக்கு என்ன அக்கறை? வலி வரும்போது நிற்பதற்கு அவருக்கு ஒரு கடை வேண்டியிருந்தது. ஊரெல்லாம் அவர் கடை கடையாக வேடிக்கை பார்ப்பதன் ரகசியம் எனக்கு அந்தத் தெருவில்தான் புரிந்தது.

டாக்டரம்மா கோயில் குளத்துக்குப் பின்னால் இருந்த தன் வீட்டின் முன்னறையிலேயே நோயாளிகளைப் பார்த்தார். நரைத்த தலை, பெரிய கண்ணாடி, குரலில் ஒரு அதட்டல். மதினி முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக அண்ணனிடம் போனார்.

“உங்க தம்பியை அப்புறம் பாக்கறேன். கூட வந்தவாளையும் பாக்கறது இங்கே வழக்கம். சட்டையைக் கழட்டுங்கோ.”

அண்ணன் என்னை முறைத்தார். ஒரு பெண்ணிடம் மறுத்துப் பேசத் தெரியாமல் கழற்றினார். படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார் டாக்டரம்மா. “சும்மா இருக்கறச்சே சரியாத்தான் இருக்கு” என்றார். பிறகு அறை மூலையிலிருந்து, இரண்டே படி உள்ள ஒரு சின்ன மரப்படியைத் தள்ளிவந்தார். அதில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, திரும்பி ஏறி இறங்கச் சொன்னார். அண்ணன் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போயிற்று. கை நெஞ்சுக்குப் போயிற்று.

“போறும், நில்லுங்கோ.”

“ஒரு சோடா கெடச்சா...”

“ஒண்ணும் கிடையாது. சும்மா படுத்துக்கோங்கோ.” மறுபடியும் கம்பிகளை மாட்டிவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த அறையில் நிற்கவே முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். சற்று நேரத்தில் அண்ணன் கண்ணைத் திறந்தார்.

“போயிட்டு” என்றார். நம்பமுடியாமல் தானே நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “ஏப்பமே வரல. போயிட்டு.”

“நின்னேள், அதனால போச்சு. தினமும் அப்படித்தான் போயிண்டிருந்தது. பேரை மட்டும் சோடாக்காரன் வாங்கிண்டுட்டான்.”

காகிதச் சுருளை விரித்து, முதலில் எடுத்ததையும் படியேறிய பின் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து, இரண்டாவதில் கோடு எங்கே கீழே இறங்கியிருக்கிறது என்று காட்டினார். உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிற இருதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் தனியாக இருக்கின்றனவாம். அவற்றின் உள்சுவரில் வருஷக்கணக்காகக் கொழுப்பு படிந்து வழி குறுகிப்போகிறது. உட்கார்ந்திருக்கும்போது அந்த ரத்தம் போதும். படி ஏறும்போது இருதயம் அதிகம் கேட்கிறது, குழாயால் கொடுக்க முடிவதில்லை. அதுதான் வலி. அண்ணன் உன்னிப்பாகக் கேட்டார்.

“எங்க கடைச் சந்து மாதிரி. சும்மா நாள்ல சைக்கிள் போவும். தீபாவளிக்கு ஆளே நுழைய முடியாது.”

“அதேதான். சந்து முழுக்க அடைச்சுண்டா அதுக்குப் பேர்தான் மாரடைப்பு. அதுக்கு முன்னாடி வந்துட்டேள், நல்லது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இப்போ நீங்க படுங்கோ.”

நான் சிரித்தேன். விஷயத்தைப் போட்டு உடைத்தேன். எனக்கு ஒன்றும் இல்லை, அண்ணனைக் கூட்டிவரச் சொன்ன பொய் என்றேன். அண்ணன் கெட்ட வார்த்தை ஒன்றை வாய்க்குள்ளேயே விழுங்கினார்.

“பொய்யாவே இருக்கட்டும். உள்ளே வந்ததுலேர்ந்து உங்க மேல சிகரெட் வாசனை. படுங்கோ.”

படுத்தேன். நெஞ்சில் ஜில்லென்று எதையோ தடவினார். காகிதம் ஓடியது. டாக்டரம்மா அதைப் படித்தார். இன்னொரு தடவை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“ஒரு ரெண்டு வருஷத்துக்குள்ளே, திடீர்னு வேர்த்துக் கொட்டி, வயித்தைப் புரட்டி, நாள் பூரா முடியாம கிடந்தேளா?”

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. கிடங்கில் சரக்கு இறக்கிய ஒரு நாள். தாடை வலித்தது, சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது, வாந்தி வந்தது. முந்தின நாள் டுரியான் பழம் சாப்பிட்டிருந்தேன். டுரியான் சூடு ஏறிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சூட்டுக்கு மங்குஸ்தான்தான் மருந்து என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஒரு கூடை வாங்கிவந்து கொடுத்தார்கள். தின்றுவிட்டுத் தூங்கினேன். மறுநாள் வேலைக்குப் போனேன். அண்ணனுடைய சோடாவைக் கேலி செய்ய விமானம் ஏறி வந்தவன் கதை இது.

“அது டுரியான் இல்லை. இருதயத்துல ஒரு இடம் அன்னிக்கே செத்துப்போய்த் தழும்பாயிருக்கு. உங்க அண்ணாவுக்காவது வலி வந்து முன்கூட்டியே சொல்றது. உங்களுக்குச் சொல்லாமலே வந்துட்டுப் போயிருக்கு. அடுத்த தடவையும் சொல்லாது.” சற்றுப் பொறுத்துக் கேட்டார்: “அப்பா எப்படிப் போனார்?”

அண்ணன்தான் பதில் சொன்னார். “புதுக்கடை தொறந்த மறுநாள். கண்ணு பட்டுட்டுன்னு சொல்லுவாக. வேர்த்துக் கொட்டிச்சு, எடது கை வலிக்குன்னாரு, அப்படியே...”

இத்தனை வருஷமாக ஊரில் யார் யாரையோ கண் வைத்தவர்கள் என்று வெறுத்திருக்கிறோம்.

டாக்டரம்மா சட்டென்று காரியத்துக்கு வந்தார். பட்டை கட்டிப் பார்த்ததில் இருவருக்கும் ரத்த அழுத்தமும் அதிகம், அதற்கு மாத்திரை. அண்ணனுக்கு வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வைக்க ஒரு சின்ன மாத்திரை. அதற்கும் அடங்காமல் வலி நீடித்தால் சோடாவும் வேண்டாம், மங்குஸ்தானும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. நெய், வனஸ்பதி, தேங்காய்ப்பால், உப்பு எல்லாம் குறைய வேண்டும். தொந்தி கரைய வேண்டும். தினமும் வலி வராத வேகத்தில் நடக்க வேண்டும், ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு கூடாது. புகையிலையும் சிகரெட்டும் இன்றோடு சரி.

“உங்க பிள்ளைகளுக்கும் சொல்லிடுங்கோ. அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் இப்படி வந்திருக்குன்னா, அடுத்த தலைமுறை இருபது வயசுலயே ஜாக்கிரதையா இருக்கணும்.”

தெருவுக்கு வந்ததும் அண்ணன் என் சட்டைப்பையில் கையை விட்டு சிகரெட் பாக்கெட்டை எடுத்தார். சாக்கடையில் போட்டார். தன் மடியிலிருந்த புகையிலைப் பொட்டலத்தையும் எடுத்தார். அதைப் போட அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. போட்டார்.

“எனக்குன்னா கேட்டிருக்கமாட்டேன்லே. ஒனக்குன்னு சொன்னா பாரு, அதான் தூக்கிப் போட்டுட்டேன்” என்றார்.

மறுநாள் காலையில் மதினி எங்கள் இருவரையும் அடையாறு கடற்கரையில் கொண்டுபோய் விட்டார். மெதுவாக நடந்தோம். என்னால் அந்த வேகம் தாங்க முடியவில்லை. கை தன்னால் பைக்குப் போய் வெறுமனே திரும்பியது. மனத்துக்குள் எதையோ உடைக்கவேண்டும்போல இருந்தது.

“பயமா இருக்காலே?”

“ஆமாண்ணே.”

“எனக்கும்தான்” என்றார். அதற்குப் பிறகு நடப்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பினாங்குக்கு டிரங்க் கால் பதிவுசெய்தேன். லைன் வரும்வரை ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஒருவழியாக மணி அடித்தது. மகன் எடுத்தான். இருபது வயது, துறைமுகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன்.

“பெரியப்பா எப்படி இருக்காங்கப்பா?”

“இருதயத்துல கோளாறு. மருந்து கொடுத்திருக்காங்க. எனக்கும் அதேதான். உன் தாத்தாவும் அதுலதான் செத்திருக்கார்.”

“என்னப்பா சொல்றீங்க?”

“வந்து எல்லாம் சொல்றேன். நீ ஒண்ணு மட்டும் உண்மையச் சொல்லு. நீ சிகரெட் பிடிக்கிறியா?”

கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து, ஹலோ ஹலோ என்று கத்தினேன். அண்ணன் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

“இருக்கேம்பா” என்றான் மகன். “எத்தனை நாளாப் பிடிக்கிற?” என்று கேட்டேன்.